தேர்தல் முடிந்து திரும்ப வேண்டிய துப்பாக்கி

எங்கள் ஊரில் அடுத்த சாவு எந்த வீட்டில் என்று என்னைக் கேட்டால் ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பல வருடமாக அதை ஒரு வேலையாகவே வைத்திருந்தேன். மேலத்தெருவில் யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் கஞ்சியை வாயில் வைத்ததும் துப்புகிறார், எந்த வீட்டிலிருந்து சிங்கப்பூருக்குப் போன் போயிருக்கிறது என்பதெல்லாம் பால்காரர் வழியாகவும் கிராம நர்ஸ் வழியாகவும் எனக்கு வந்து சேர்ந்துவிடும். நான் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. நாலு பேரை நலம் விசாரிப்பது டீச்சருக்கு அழகுதானே என்று ஊரும் விட்டுவிட்டது.

விட்டதோடு நிற்கவில்லை. டீச்சருக்குத்தான் எத்தனை இரக்கம் என்று பேசிக்கொண்டார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள். இழுத்துக்கொண்டு கிடப்பவர்கள் வீட்டில், இந்து வீடுகளில்கூட, “ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போங்க டீச்சர், உசிரு நிம்மதியா அடங்கும்” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் போவேன். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கண்ணை மூடியபடி மனசுக்குள் வேறொரு கணக்குப் போடுவேன். இவர் வெள்ளிக்கிழமை வரை தாங்குவாரா? சனிக்கிழமையென்றால் பள்ளிக்கூடம் கிடையாது, எனக்கு வசதி. இதை நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூடச் சொன்னதில்லை.

இத்தனையும் வெடிக்காக. எங்கள் பக்கத்தில் வயதானவர் போனால் அது கல்யாணச் சாவு. தப்பு மேளம், பூப்பல்லக்கு, வழிநெடுக வெடி. சரவெடியையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஆரம்பித்தால் முடியும் என்று தெரியும். ஒற்றை ஒற்றையாக, அடுத்தது எப்போது என்றே தெரியாமல் போடுகிற நாட்டு வெடி இருக்கிறதே, அது வீட்டுக் கூரை ஓடுகளையே அதிரவைக்கும். பிணம் எடுக்கும் நேரம் தெரிந்துவிட்டால் நான் என் வீட்டுக்காரரை முன்கூட்டியே ஊரைவிட்டுக் கிளப்பிக்கொண்டு போய்விடுவேன். தஞ்சாவூர் போவதற்கு எனக்குப் பல்வலி வரும். கும்பகோணம் போவதற்குப் பாத்திரம் தேவைப்படும். ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்கள் வேளாங்கண்ணியில் இருப்போம். எங்கள் பக்தியை ஊரே மெச்சும்.

என் வீட்டுக்காரர் இருபத்துநாலு வருடம் ராணுவத்தில் இருந்தவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். அதில் பாதிக்கு மேல் காஷ்மீரிலும் வடகிழக்கு எல்லையிலும். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. லீவில் வரும்போது வாதுமைப் பருப்பும் கம்பளியும் வாங்கிவருவார். அதைத்தான் நான் காஷ்மீர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் அவருக்குப் பெயரே மிலிட்டரிக்காரர். சுதந்திர தினத்தன்று எங்கள் பள்ளியில் கொடி ஏற்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்டவர் வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய்க் குந்திக்கொள்வார் என்று நான் யாரிடம் சொல்வது? ஒரே ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாயை விட்டுப் பார்த்தேன். “அவருக்கு வெடின்னா ஆகாதுங்க” என்றேன். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நல்லா இருக்கு டீச்சர். மிலிட்டரிக்காரருக்கு வெடின்னா பயமா? மீனுக்குத் தண்ணி ஆகாதுன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு.”

“அய்யே, பயமெல்லாம் இல்ல. தலைவலி வந்துரும்” என்று மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெடி மட்டும் என்றால் பல்வலியை வைத்தே என் காலம் ஓடியிருக்கும். வீட்டில் ஒரு துப்பாக்கியும் இருந்தது.

ராணுவத்திலிருந்து வந்ததும் ஒரு வங்கிக் கிளையில் அவருக்குக் காவல் வேலை கிடைத்தது. சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் இருந்தால் ‘கன்மேன்’. இல்லையென்றால் வெறும் வாட்ச்மேன். நாட்டையே காவல் காத்துவிட்டு வந்த மனுஷனை யாரும் வாட்ச்மேன் என்று கூப்பிட்டுவிடக் கூடாது என்பதில் அவரைவிட எனக்குத்தான் பிடிவாதம். உரிமத்துக்கு விண்ணப்பம் எழுதியது நான்தான். இரட்டைக் குழல் துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்று அதற்கு ஆலாத்தி எடுக்காத குறை. ஒன்பது வருடம் கழித்து சர்க்கரையும் முழங்கால் வலியும் சேர்ந்துகொள்ள வேலையை விட்டார். துப்பாக்கியை விடவில்லை. வயல் காவலுக்கு என்று காரணம் காட்டி உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார். அந்த மனுக்களையும் நான்தான் எழுதினேன். சொந்தக் கையால் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கூடத்தில் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து, துப்பாக்கியைக் கழற்றி வைத்து, எண்ணெய் போட்டுத் துடைப்பார். அந்த ஒரு மணி நேரம் அவர் முகம் அத்தனை அமைதியாக இருக்கும். அந்த முகத்துக்காகத்தான் நான் அத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். தோட்டாக்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் பீரோவின் அடித்தட்டில் இருக்கும். அவர் வயலுக்குப் போனதும் தினமும் நான் அதை எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும்.

அந்த வருடம் மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து எந்திரத்தில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கணக்கில் வைக்காத ஒரு சாவு வந்தது. கீழத்தெருக்காரர் ஒருவர், மகள் வீட்டோடு திருச்சியில் இருந்தவர். அங்கேயே போய்விட்டார். ஆம்புலன்ஸில் கொண்டுவந்து ஒரு மணி நேரம்கூட வைக்காமல் எடுத்துவிட்டார்கள். நான் பள்ளிவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், முதல் வெடி விழுந்தது.

உள்ளே ஓடினேன். கட்டில் ஓரத்தில் அவர் இல்லை. கூடத்து ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார், துப்பாக்கியோடு. குழல் கம்பிகளுக்கு நடுவே தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. பீரோ திறந்து கிடந்தது, பிஸ்கட் டப்பா தரையில். தெருமுனையில் தப்புச் சத்தம். பல்லக்குக்கு முன்னால் ஒருவர் வெடியைப் பற்றவைத்துப் பற்றவைத்துப் போட்டுக்கொண்டு வருகிறார். பின்னால் இருபது முப்பது பேர்.

“ஏங்க” என்றேன்.

அவர் திரும்பாமலே, “பீச்சே ஹட்!” என்றார். பின்னால் போ என்று அர்த்தம். கல்யாணமாகி முப்பது வருடத்தில் என்னிடம் அவர் இந்தி பேசியது அதுதான் முதல் தடவை. மிலிட்டரியில் யாருக்கோ போட்ட உத்தரவு என் வீட்டுக் கூடத்தில் விழுந்தது.

நான் போய் ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். யோசித்திருந்தால் கொல்லைப்புறமாக ஓடியிருப்பேன். கால் தானாகப் போய்விட்டது. குழல் என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு “நான்தாங்க, நான்தாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஊர்வலம் எங்கள் வீட்டைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, மயானக் கரைக்குத் திரும்பியது. சத்தம் தூரப் போன பிறகு அவர் துப்பாக்கியை இறக்கினார். தோட்டாவை வெளியே எடுத்து டப்பாவில் போட்டார். அரைமணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “காபி இருக்கா?” என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. வெடி போட்டுக்கொண்டு வந்த அந்த மனிதர் என் பழைய மாணவியின் அப்பா. நான் பத்து நிமிஷம் தாமதமாக வந்திருந்தால்? டீச்சர் வீட்டுக்காரர் ஊர்வலத்தில் சுட்டுவிட்டார் என்று ஊர் ஓடிவந்திருக்கும். இல்லையென்றால், அவர் குழலைத் தன் பக்கமே திருப்பியிருந்தால்? பிஸ்கட் டப்பாவைக் காலையிலும் மாலையிலும் எண்ணத் தொடங்கினேன்.

அந்த நேரத்தில்தான் சட்டமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். முன்பெல்லாம் அவர் இதற்கு முணுமுணுப்பார், சாமானைச் சரியாகத் துடைத்து வைக்க மாட்டார்கள் என்று. இந்தத் தடவை ஸ்டேஷனிலிருந்து போன் வந்த மறுநாளே பெட்ஷீட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு ரசீதோடு வந்தார்.

வீடு இரண்டு சுற்று பெரிதானது மாதிரி இருந்தது எனக்கு. பிரச்சார வண்டி தெருவில் கத்திக்கொண்டு போனால் மற்றவர்கள் எரிச்சல்படுவார்கள், நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்தக் கட்சி வந்தால் என்ன, தேர்தல் மட்டும் முடியாமல் இருந்தால் போதும். கடமையைச் செய்த வாக்காளர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். தேர்தல் ஆணையத்துக்காக மெழுகுவத்தி ஏற்றியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆசைப்பட்டால் ஆகிவிடுமா? வாக்குப்பதிவு முடிந்தது, எண்ணினார்கள், மந்திரிகள் பதவி ஏற்றார்கள். அடுத்த வாரமே ஸ்டேஷனிலிருந்து போன். வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள்.

அதே சமயத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டுப் பெரியவர் படுத்துவிட்டார். ஒரு காலத்தில் மிராசுதார், தொண்ணூறு தாண்டியவர். இரண்டு மகன்கள் சிங்கப்பூரில். சாவை எப்படிச் செய்வது என்று மூன்று வருடம் முன்பே அந்த வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். வெடிக்கு மட்டும் தனி வண்டி வரும் என்று டீக்கடையில் பேச்சு. அவர் வீட்டு வாசலிலிருந்து மயானத்துக்குப் போக எங்கள் வீட்டு ஜன்னலைத் தாண்டாமல் வழி கிடையாது.

“திங்கக்கிழமை காலையில போய்த் துப்பாக்கிய எடுத்துட்டு வந்துர்றேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

“திங்கக்கிழமை ஏழரையிலேருந்து ஒம்போது ராகுகாலங்க” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “எப்பலேருந்து மதம் மாறினீங்க டீச்சர்?” என்றார். ஆனால் அந்தத் திங்கட்கிழமை போகவில்லை. புதன்கிழமை போகிறேன் என்றார். வாய்க்கால் தூர்வார எந்திரம் வந்திருக்கிறது, நம் மடைப்பக்கம் நீங்கள் நிற்க வேண்டாமா என்றேன். அதற்கும் சரி என்றார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கோடை விடுமுறை என்பதால் எனக்குப் பள்ளி இல்லை. வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டராக இருந்த ஏட்டு எனக்குத் தெரிந்தவர், அவர் மகள் என்னிடம் படித்தவள். அதனாலேயே முதலில் அவள் படிப்பை விசாரித்துக்கொண்டு நின்றேன்.

“சொல்லுங்க டீச்சர், என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல சார். எங்க வீட்டுக்காரரோட துப்பாக்கி… இன்னும் கொஞ்ச நாளைக்கு இங்கயே இருக்கலாமா?”

ஏட்டு பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “என்ன டீச்சர், வீட்ல ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா? போன வாரந்தான் சார் வந்து இதையே கேட்டுட்டுப் போனாரு. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்களாமே. சாமானை வைக்க எடமில்லன்னாரு. சரின்னு பத்து நாள் டைம் குடுத்தேன். வர்ற திங்கக்கிழமையோட முடியுது.”

எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்து ஏழு வருடமாகிறது.

“ஆமா சார், வெள்ளைதான் அடிக்கிறோம்” என்றேன்.

“அதுக்கு மேல வச்சுக்கணும்னா காரணம் எழுதிக் குடுங்க. நாளைக்கு மேலேருந்து கேட்டா நான் பதில் சொல்லணும்ல” என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

வாசல் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எழுதப் பார்த்தேன். இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு மனு எழுதச் சொல்லிக்கொடுப்பவள் நான். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் கை தானாக எழுதியது. ‘என் கணவர்’ என்று ஆரம்பித்த வரி மட்டும் நகரவில்லை. அடுத்து என்ன எழுதுவேன்? மனநிலை என்ற வார்த்தையை எழுதினால் மாலைக்குள் அது டீக்கடைக்கு வந்துவிடும். ஆகஸ்டில் கொடி ஏற்ற வேறு ஆளைத் தேடுவார்கள். கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவரும் அந்தத் துப்பாக்கி வேண்டாம் என்றுதான் நினைக்கிறார் என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் இரண்டு மடங்கானது. துப்பாக்கியைக் கண்போல வைத்திருந்தவர் பொய் சொல்லி அதைத் தள்ளிப்போடுகிறார் என்றால், எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்திருக்கிறது. அது என்ன என்று நினைத்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தேன்.

அன்று சாயங்காலமே மிராசுதார் வீட்டிலிருந்து ஜெபம் சொல்லக் கூப்பிட்டார்கள். போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். பாதி மூடிய கண், ஈர்க்குச்சிக் கை. வீட்டுப் பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு என் ஜெபத்தை நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன வேண்டினேன் தெரியுமா? ஆண்டவரே, இவரைத் திங்கட்கிழமைக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும். துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும்போதே எடுத்துக்கொள்ளும். ஒருமுறை அல்ல, ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அதையே வேண்டினேன். எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனிதர் அவர். வெளியே வரும்போது அவருடைய மருமகள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்றைக்கும் அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது நான் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன்.

சனிக்கிழமை விடியும்போது பெரியவர் போய்விட்டார். மகன்கள் வந்துசேர, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எடுப்பதாக முடிவானது.

“வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வருவோமா? ரொம்ப நாளாச்சு” என்றேன் வீட்டுக்காரரிடம், ஞாயிறு காலையில்.

“எத்தனை சாவுக்குத்தான் ஓடறது? இத்தனை வருஷமா வலிக்குது, உன் பல்லு ஒண்ணுகூட விழலையே டீச்சர்” என்றார்.

எல்லாம் தெரிந்திருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. தெரிந்துகொண்டேதான் பல் ஆஸ்பத்திரி வாசலில் மணிக்கணக்காக என்னோடு உட்கார்ந்திருந்தீர்களா என்று கத்தினேன். “நீ இவ்ளோ பாடுபட்டுப் பொய் சொல்ற, நான் எப்புடி வேணாங்கறது?” என்றார். அன்று நாங்கள் எங்கேயும் போகவில்லை.

மூன்று மணிக்குக் கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். தெருவிலிருந்து தள்ளி இருப்பது அந்த அறைதான். அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் அவர் குந்திக்கொண்டார், பக்கத்தில் நான். முதல் வெடிக்கு டம்ளர்கள் அலமாரியில் அதிர்ந்தன. என் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டாவது வெடிக்கு அந்தப் பிடி இறுகியது. பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அவர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. ஐம்பத்தாறு வயது மனிதர், என்னைவிட ஒரு முழம் உயரம், முழங்காலுக்குள் தலையைக் கொண்டுபோய்விட்டார். சரியாக எங்கள் வாசலில் ஊர்வலம் நின்றது, மரியாதைக்காக. மிலிட்டரிக்காரர் வீட்டு வாசலில் நாலு வெடி கூடுதலாகப் போட்டார்கள்.

“துப்பாக்கி எங்க?” என்றார் திடீரென்று.

“ஸ்டேஷன்ல இருக்குங்க.”

“நெசமா?”

“நெசமா.”

“சரி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “துப்பாக்கி எங்க?” அதே பதிலைச் சொன்னேன். எத்தனை தடவை என்று நினைவில்லை.

தப்புச் சத்தம் பாலத்தைத் தாண்டிய பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. அவர் பிடியை விட்டார். என் மணிக்கட்டில் அவருடைய ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அன்னைக்கு ஜன்னல்கிட்ட வந்து நின்னியே.”

“ஆமா.”

“யாருன்னு எனக்குத் தெரியல.”

“யாரை?” என்றேன்.

“நான்தான் நான்தான்னு ஏதோ சத்தம் கேட்டுச்சு. என்ன பாஷைன்னே தெரியல. எதிர்ல ஒரு ஆள். விரல் டிரிக்கர்ல இருந்துச்சு. கொஞ்சம் அழுத்திட்டேன்கூட. ஏன் நிறுத்தினேன்னு இப்ப வரைக்கும் தெரியல.”

மூன்று மாதமாக நான் தெருவுக்காகப் பயந்துகொண்டிருந்தேன். வெடி போட்டவருக்காக, ஊர்வலத்தில் வந்தவர்களுக்காக, அவருக்காக. எனக்காகப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குழலைப் பிடித்த மாத்திரத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டார், அதனால்தான் நின்றார் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, ராகுகாலத்திலேயே இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். உரிமத்தையே சரண்டர் செய்துவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். என்ன காரணம் சொல்வது என்று பஸ்ஸில் நான் தயார் செய்து வைத்திருந்தேன். முழங்கால் வலி, புதுப்பிக்க அலைய முடியவில்லை. ஏட்டு நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் உட்காரவில்லை.

“காரணம் என்னன்னு போடட்டும் டீச்சர்?”

நான் வாயைத் திறக்குமுன் அவர் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றார். மேலதிகாரிக்கு முன்னால் நிற்கிற நிலை.

“என் சம்சாரத்தைச் சுட இருந்தேன் சார். இவங்களைத்தான்.”

ஸ்டேஷனில் இரண்டு போலீஸ்காரர்கள், சைக்கிள் தொலைந்துபோன புகாரோடு ஒருவர், தண்ணீர் கேன் போட வந்த ஒருவர். எல்லாரும் திரும்பினார்கள். ஏட்டு என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவர் தோளில் கைபோட்டு நாற்காலியில் உட்காரவைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சார், நீங்க பாட்டுக்கு இப்படிச் சொன்னா நான் எழுதிக்க முடியுமா? கேஸ் ஆயிடும் சார். நாட்டுக்காகச் சேவை பண்ணவரு. உங்க மேல எஃப்.ஐ.ஆர். போட எனக்குக் கை வருமா? நான் கேக்கவே இல்ல, நீங்க சொல்லவே இல்ல. வயசாயிடுச்சு, பராமரிக்க முடியலன்னு எழுதுங்க டீச்சர். கலெக்டர் ஆபீஸ்ல அதான் சுலபமாப் போகும்.”

நல்ல மனிதர். நல்லதுதான் செய்தார். ‘வயது முதிர்வின் காரணமாக’ என்று நான் என் முத்தான கையெழுத்தில் எழுதினேன். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். துப்பாக்கி இனி வராது. நான் எதற்காக அத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தேனோ அது முடிந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. வெயிலில் நின்றோம்.

“சொல்லிட்டேன்ல?” என்றார்.

“சொல்லிட்டீங்க.”

“எழுதிக்க மாட்டேன்னுட்டாரே.”

தஞ்சாவூரில் முன்னாள் ராணுவத்தினருக்கான பாலிகிளினிக் இருக்கிறது. சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் போகிறார். அங்கே டாக்டர் ஒவ்வொரு தடவையும் தூக்கம் எப்படி என்று கேட்பார், இவர் நல்லா வருது சார் என்பார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் அந்த டாக்டரிடம் சொல்லலாம் என்றேன்.

“அங்கயா? எனக்குப் பின்னால லைன்ல நிக்கறவன் பூரா நம்ம ஆளுங்க.”

“அவங்கள்லயும் எத்தனை பேரு நல்லா வருது சார்னு சொல்லிட்டு வர்றாங்களோ?”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி, போவோம். அதுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. அதுவரைக்கும் யார்கிட்ட சொல்றது?” என்றார்.

“என்கிட்ட சொல்லுங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, கேட்கிற தைரியம் எனக்கு இருந்ததா என்றால் இல்லை. முப்பது வருடமாக வாதுமைப் பருப்போடும் கம்பளியோடும் நிறுத்திக்கொண்டவள் நான். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச மாட்டார் என்று நினைத்தேன். பேசாமல் இருந்துவிடட்டும் என்றும் உள்ளுக்குள் நினைத்தேன்.

“மாசியில நடந்தது முதல் தடவை இல்ல” என்றார்.

பஸ் வந்து நின்றது. “ஏறுங்கம்மா, சீக்கிரம்” என்று கண்டக்டர் விசில் ஊதினார். நான் ஏறாமல் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து அங்கே இருந்த சிமெண்ட் கட்டையில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, “மேல சொல்லுங்க” என்றேன். பஸ் கிளம்பிப் போனது.